அனுப்பியது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு?

பொங்கலுக்கு ஊர் செல்ல வேண்டி, முன்பதிவுச் சாளரத்தின் முன் விடியற்காலையிலேயே வந்து நிற்பது எத்தகைய அனுபவம் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியிலிருந்து, பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கப்படுகிறது. அந்த நாளில் காலை 8 மணி அடித்த முதற் சில நிமிடங்களிலேயே பலருடைய பண்டிகை நிச்சயமாகிவிடுகிறது. பிற்பகல் 3 மணிக்கு அதே சாளரம் வெறிச்சென்று கிடக்கும். நாள் முழுவதையும் கூட்டிச் சராசரி பார்த்தால், 'இச்சாளரத்தில் நெருக்கடி ஏதுமில்லை' என்று தாராளமாக எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்ட வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் சீட்டுக் கிடைக்காமல் திரும்பியவருக்கு அந்த வாக்கியத்தால் பயன் என்ன?

சென்ற மாதம் சங்க நூலகத்தில் நம்மோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தம் பையிலிருந்து பழுப்பேறிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதிலே கண்ட கணக்குத்தான் இம்மாதப் பக்கத்துக்குப் பொருள். நாமோ ரயில்வேக் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டோம். ஆதலால் அவர் சொன்னதை நமக்கு விளங்கிய அளவில், நம் தொழிற் பழக்கத்தின் துணைகொண்டு, அன்பர்களுக்கு எடுத்துரைக்க முயல்கிறோம்.

2002-ஆம் ஆண்டில் அப்பெரியவர் இந்நாகபுரியில் ஒரு வியாபார நிறுவனத்தின் கிளையில் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அதே கிளையின் பண்டகசாலையில் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓராண்டு நிரம்பவில்லை. அன்றாடம் வந்த சரக்கையும் சென்ற சரக்கையும் பதிந்து, முற்பகல் 11 மணிக்குள் மும்பைத் தலைமை அலுவலகத்துக் கணிப்பொறியில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. நாள்தோறும் அது 11.30, 11.45 என்று தாமதமாயிற்று. 'கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. ஆளுக்குத்தான் சுறுசுறுப்புப் போதாது' என்று முடிவு கட்டி, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்து சேர்ந்தது. வேலை நிரந்தரமாகுமா என்பதே ஐயமாகிவிட்டது. அந்த இளைஞரின் சம்பளத்தை எதிர்பார்த்து ஊரிலே தாயாரும் இரண்டு தங்கைகளும் இருந்தனர்.

கம்பி நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம், மாதந்தோறும் தலைமை அலுவலகத்தில் தயாரான ஓர் அறிக்கை. இணைப்பு 99.9 சதவீத நேரம் உயிரோடிருந்தது. வாக்களிக்கப்பட்ட வேகத்தில் சராசரி 28 சதவீதமே பயன்பட்டது. ரௌட்டர் என்னும் வழிகாட்டிப் பெட்டியில் கைவிடப்பட்ட பொதிகள் பூஜ்யம். இதைப் பார்த்தவர்கள் குமாஸ்தாவைக் குறை கூறியதில் வியப்பில்லை.

இங்கே அந்த இணைப்பின் தன்மையைச் சிறிது விளக்குவது அவசியமாகிறது. அது பிரேம் ரிலே என்ற முறையைச் சேர்ந்தது. செய்தியைச் சிறு சிறு பொதிகளாகக் கட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வழி எண்ணை இட்டு, தொலைபேசிக் கம்பெனியின் வலைக்குள் தள்ளிவிடுவார்கள். உள்ளேயுள்ள நிலையங்கள் அந்த எண்ணைப் பார்த்துக் கை மாற்றிக் கை மாற்றி மறுமுனையில் சேர்ப்பிக்கும். 1990-களில் உலகெங்கும் அலுவலகங்களை இணைக்க இம்முறை பெரிதும் வழங்கியது.

இதற்கு முன்பிருந்த எக்ஸ்.25 என்ற முறை 1976-இல் ஏற்கப்பட்டது. அது பதிவுத் தபாலைப் போன்றது. ஒவ்வொரு நிலையத்திலும் பொதியைச் சோதித்து, கையொப்பம் வாங்கி, பழுதிருந்தால் மறுபடி கேட்டு வாங்கித்தான் அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். பழைய கம்பிகளில் இரைச்சல் மிகுதியாதலால் அத்தனை காவலும் வேண்டியிருந்தது. கம்பிகள் சீர்திருந்தி, கண்ணாடி இழைகளும் வந்த பிறகு, அவ்வளவு சோதனை எதற்கு என்ற எண்ணம் பிறந்தது. பிரேம் ரிலேயில், பழுதான பொதியை நிலையம் பேசாமல் எறிந்துவிடும். எறிந்தேன் என்று அனுப்பியவருக்குச் சொல்லாது. திரும்ப அனுப்பு என்று கேட்கவும் கேட்காது. குறைவதை அறிந்து மறுபடி அனுப்புவது இரு முனைக் கணிப்பொறிகளின் பொறுப்பு. ஆகவே இது சாதாரணத் தபால். வேகமும் சிக்கனமும் உண்டு. ஒப்புகைச் சீட்டு மட்டும் கிடையாது.

ஒப்புகைச் சீட்டு இல்லாத தபாலில் கடிதம் சேர்ந்ததா என்பதை எப்படி அறிவது? அனுப்பியவரும் பெற்றவரும் தத்தம் கணக்கை ஒத்துப் பார்ப்பதொன்றே வழி. பெரியவர் செய்ததும் அதுதான்.

ஆயினும் அவர் முதலில் ஆராய்ந்தது அறிக்கையின் சராசரியை. நிறுவனம் வாங்கியிருந்த இணைப்பில் வாசல் அகலம் வினாடிக்கு 128 ஆயிரம் பிட்டு. ஆனால் கம்பெனி உறுதியளித்த வேகம் 32 ஆயிரம் பிட்டு மட்டுமே. இந்த உறுதி வேகத்தைச் சி.ஐ.ஆர். என்பார்கள். அதற்கு மேலும் ஓரளவு அனுப்பலாம். ஆனால் மிகையாகச் செல்லும் பொதிகளின் தலையில் 'நெருக்கடி வந்தால் இதனை முதலில் எறியலாம்' என்ற குறி விழும். டி.ஈ. குறி என்பது அதுதான். அந்த வரம்பையும் கடந்தவை வாசலிலேயே எறியப்படலாம். நம் பாஷையில் சொன்னால், சி.ஐ.ஆர். உறுதியான படுக்கை, டி.ஈ. குறி விழுந்தவை காத்திருப்போர் பட்டியல். வண்டியில் இடமிருந்தால் அவர்களும் ஊர் போய்ச் சேரலாம், இல்லாவிட்டால் இல்லை.

அறிக்கையின்படி சராசரிப் போக்கு வினாடிக்கு 9 ஆயிரம் பிட்டு. பெரியவர் அதை ஐந்து ஐந்து நிமிடமாக உடைத்துப் பார்த்தார். முற்பகல் 10.30 முதல் 11.30 வரை கிளையிலிருந்து மும்பை நோக்கி வினாடிக்கு 80 ஆயிரம் பிட்டு ஓடியது தெரிந்தது. மற்ற வேளையில் ஏறக்குறைய 6 ஆயிரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் 80 ஆயிரம், மீதி 23 மணி நேரமும் 6 ஆயிரம் என்றால், நாளின் சராசரி 9 ஆயிரத்துச் சொச்சந்தான். அறிக்கை சரி. நெருக்கடி நிகழ்ந்த அந்த ஒரு மணி நேரம், உறங்கிக் கிடந்த 23 மணி நேரத்தின் அடியில் புதைந்து போயிற்று.

இரண்டாவதாக, இருமுனைக் கணக்கு. மும்பை அலுவலகத்தில் தமக்கு அறிமுகமான ஊழியர் ஒருவரை டிரங்குத் தொலைபேசியில் அழைத்து, இருவரும் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, 10.45-க்கும் 10.50-க்கும் தத்தம் ரௌட்டரின் எண்ணிக்கையைக் குறித்தனர். அன்பர்களில் நிலையக் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய அட்டைப் பயணச்சீட்டுக் காலத்தில் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதிக் கழித்தால் விற்ற சீட்டு இத்தனை என்று தெரியுமல்லவா? அதே முறைதான். நாகபுரியிலிருந்து புறப்பட்டவை 6,000 பொதிகள்; மும்பையில் இறங்கியவை 5,640. வழியிலே 360 காணோம்.

ரௌட்டரில் கைவிடப்பட்டவை பூஜ்யம் என்ற அறிக்கை அப்போது என்னவாயிற்று? அதுவும் மெய்தான்! வாசல் 128 ஆயிரம் அகலமாதலால், ரௌட்டர் 80 ஆயிரத்தையும் தயக்கமின்றி வெளியே தள்ளிவிட்டது. தன் வீட்டுக்குள் அது எதையும் எறியவில்லை. எறிந்தது வழியிலிருந்த வலை. ரௌட்டருக்கு அது தெரிய நியாயமில்லை.

இணைப்பு 99.9 சதவீதம் உயிரோடிருந்தது என்பதும் அத்தகையதே. வாடிக்கையாளரின் ரௌட்டர் பொதுவாக 10 வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்று கம்பெனியின் நிலையத்தைக் கேட்கும்; ஆறாவது கேள்விக்கு எல்லா வழி எண்களின் நிலையும் பதிலாக வரும். நான்கு முறையில் மூன்று முறை பதில் பிழைத்தால் இணைப்பு வீழ்ந்தது என்று கொள்வது வழக்கமான ஏற்பாடு. இதெல்லாம் நம் வாசலுக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே நடக்கும் சம்பாஷணை. கடைசிவரை சரக்கு குறையாமல் சேர்ந்ததா என்பதை அது சோதிப்பதில்லை. மேலும், 30 நாள் கொண்ட மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் இணைப்பு அற்றுக் கிடக்கலாம் என்று பொருள். அந்த 43 நிமிடமும் நடு நிசியில் வருமா, நாம் வரிசையில் நிற்கும்போது வருமா என்பதைச் சதவீதம் சொல்லாது.

மூன்றாவதாக, நெருக்கடிக் குறிகள். வலைக்குள் கூட்டம் மிகுந்தால், நிலையங்கள் பொதிகளின் தலையில் இருவகை எச்சரிக்கை இடும். நெருக்கடியான திசையிலேயே செல்லும் பொதியில் இட்டு, பெறுபவருக்குத் தெரிவிப்பது ஒன்று. அதன் பெயர் ஃபெக்கன். எதிர்த்திசையில் திரும்பி வரும் பொதியில் இட்டு, 'அனுப்புவதைக் குறைத்துக்கொள்' என்று அனுப்புபவருக்குத் தெரிவிப்பது மற்றொன்று. அதன் பெயர் பெக்கன். நாகபுரியிலிருந்து செல்லும் திசையில் நெருக்கடியாதலால், நாகபுரி ரௌட்டரில் பெக்கன் எண்ணிக்கை ஏறியது. மும்பை ரௌட்டரில் ஃபெக்கன் ஏறியது. மாத அறிக்கையோ மும்பை ரௌட்டரின் பெக்கனை மட்டுமே கேட்டது. அது சொற்பமாகவே இருந்தது. தலைமை அலுவலகத்தார் தங்கள் திசையைத் தாங்களே பார்த்து மகிழ்ந்திருந்தார்கள்.

இனி, 360 பொதி போனால் என்ன, நூற்றுக்கு ஆறுதானே என்று தோன்றலாம். போன ஒவ்வொன்றையும் முனைக் கணிப்பொறி காத்திருந்து, கேட்டு, மறுபடி அனுப்ப வேண்டும். இழப்பைக் கண்டால் அது தன் நடையையும் தளர்த்திக்கொள்ளும். ஆகவே நூற்றுக்கு ஆறு தொலைந்தால் வேலை நூற்றுக்கு ஆறு மட்டும் தாமதமாவதில்லை. அதனினும் பன்மடங்கு தாமதமாகும். இளைஞரின் அரை மணித் தாமதம் அங்கேதான் பிறந்தது.

அந்த 80 ஆயிரம் யாருடையது? இதுதான் கதையின் முடிச்சு. கிளையின் கோப்புகளை எல்லாம் நாள்தோறும் மும்பைக்கு நகலெடுக்கும்படி தலைமை அலுவலகமே ஆணையிட்டிருந்தது. ஆணையில் குறித்த நேரம் காலை 10.30. குமாஸ்தாவின் பதிவுகள் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஆனால் எறியத்தக்கவை என்ற குறி இடும்போது, இது நகல், இது ஒருவனுடைய பிழைப்பு என்று வலைக்குத் தெரியாது. வரம்பைத் தாண்டியது எதுவோ அதற்குக் குறி விழுந்தது.

"அப்படியானால் தொலைபேசிக் கம்பெனி மீது புகார் செய்தீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "எதற்குத் தம்பி? நாம் விலை கொடுத்தது 32-க்கு, போட்டது 80. அந்த ஐந்து நிமிடத்தில் 32-க்கு உட்பட்டவை 2,400 பொதி. மிகையாகப் போனவை 3,600. தொலைந்த 360-ம் மிகையிலே பத்தில் ஒன்று என்றால் கணக்குச் சரியாக வருகிறது. அவன் வாக்கைக் காப்பாற்றிவிட்டான். 1998-இல் இத்துறையார் கூடிச் செய்த வரையறையிலேயே, வாக்களித்த பொதிகளின் சேர்ப்பு விகிதத்தைத் தனியாகவும், மிகைப் பொதிகளின் விகிதத்தைத் தனியாகவும் கணக்கிட வேண்டும் என்று வைத்தார்கள். இரண்டையும் கலந்து பேசினால் குற்றமற்றவனைக் குற்றவாளியாக்குவோம். கலக்கத்தானே செய்தார்கள், அந்தப் பையன் விஷயத்தில்!"

அவர் ஒரு வாரத்துக் கணக்கையும் இரண்டே பக்கத்தில் எழுதி, கிளை மேலாளரிடம் கொடுத்தார். நகலெடுக்கும் வேலை இரவு 11 மணிக்கு மாற்றப்பட்டது. செலவு ஒரு காசுமில்லை. மறுநாள் இளைஞரின் பதிவுகள் 10.50-க்கே மும்பையில் ஏறிவிட்டன. எச்சரிக்கைக் கடிதம் இரண்டு மாதம் கழித்து ரத்தாயிற்று, வேலையும் நிரந்தரமாயிற்று. 'தவறாக நினைத்துவிட்டோம்' என்று மட்டும் எவரும் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை என்று பெரியவர் குறிப்பிட்டார். அதைச் சொல்லும்போது, இத்தனை ஆண்டுக்குப் பின்னும், அவர் குரலில் சிறிது கசப்பு இருந்தது.

பிரேம் ரிலே இன்று பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டது. எம்.பி.எல்.எஸ்., ஈதர்நெட் முதலிய முறைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் நோட்டுப் புத்தகம் பழசாகவில்லை. நம் வீடுகளுக்கு இழைக் கம்பி வந்திருக்கிறது. பிள்ளைகள் அதில் பாடம் படிக்கிறார்கள், வேலைக்கு நேர்காணல் கொடுக்கிறார்கள். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியின் முகம் அதன் வழியாகவே வருகிறது. விளம்பரத்தில் '100 வரை' என்று கண்டால், அந்த 'வரை' என்ற சொல்லை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அது உறுதியான படுக்கை அன்று.

இணைப்பு சரியில்லை என்று தோன்றினால், கோபத்தோடு புகார் எண்ணைச் சுழற்றுவதற்கு முன், நாலு கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுங்கள். தேதி, நேரம், இறங்கு வேகம், ஏறு வேகம் என்று நான்கு பத்தி போதும். இரண்டு வேகத்தையும் கூட்டிவிடக் கூடாது. நேர்காணலில் உங்கள் பிள்ளையின் குரல் அப்புறம் கேட்பது ஏறு வேகத்தைப் பொறுத்தது. தொல்லை நேரும் வேளையிலேயே அளவெடுக்க வேண்டும். விடியற்காலையில் எடுத்த அளவால் பயனில்லை. கூடுமானால் கம்பியைக் கணிப்பொறியில் நேரே பொருத்தி ஒருமுறை, கம்பியில்லாமல் ஒருமுறை பார்த்தால், குற்றம் வீட்டுச் சுவரிலா வெளியிலா என்று தெரியும். அந்த வேளையில் வீட்டில் வேறு எவர், என்ன இறக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதுங்கள். காலை 10.30 மணி நகல் வேலை நம் வீட்டிலும் ஒளிந்திருக்கலாம். கைப்பேசி இணைப்பின் வேகத்தை அளப்பதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமே 2016-இல் மைஸ்பீடு என்ற செயலியை வெளியிட்டது, அதையும் பயன்படுத்தலாம்.

எண்ணிக்கை பார்க்கும் இளைஞர்களுக்குப் பெரியவர் சொன்ன மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பழைய ரௌட்டர்களின் எண்ணிப் பெட்டி 4,294,967,295 வரை எண்ணி, அடுத்த எண்ணுக்குப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 128 ஆயிரம் பிட்டு வேகத்தில் இடைவிடாது ஓடினால், பைட்டுக் கணக்கு ஏறக்குறைய மூன்றே நாளில் அப்படித் திரும்பும். மாதத் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் மட்டும் கழித்தால், சுற்றி வந்த சுற்றுகள் கணக்கில் வராமலே போகும். சீட்டுக் கட்டு முடிந்து புதுக் கட்டு தொடங்கியதை எழுத மறந்த குமாஸ்தாவின் கதிதான். அடிக்கடி குறித்துக்கொள்வதே இதற்கு மருந்து.

நாம் ரயில்வேயில் சேர்ந்த புதிதில், கணக்கு நேரானால் வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தோம். அந்த நோட்டைப் பார்த்த பின் அவ்வெண்ணம் மாறிவிட்டது. மும்பை அறிக்கையில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. மேசைக்கு வரும் கணக்கில் ஒருவர் மீது குற்றம் தெரிந்தால், கையெழுத்திடுமுன், அது எந்த நேரத்துக் கணக்கு, எந்தத் திசைக் கணக்கு, மறுமுனையில் பார்த்தது யார் என்ற மூன்றையும் கேட்பதென்று தீர்மானித்திருக்கிறோம். அன்பர்களில் பலர் அலுவலகங்களில் பிறருடைய தாமதத்தைக் குறித்து எழுதும் பொறுப்பில் இருப்பவர்கள். அவர்களும் கேட்பார்களாக.

பெரியவரின் நோட்டுப் புத்தகம் சங்க நூலகத்தில் இருக்கிறது. கணிப்பொறித் துறையில் பயிலும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு வந்தால், அவரே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க இசைந்திருக்கிறார். பென்சிலும் கைக்கடிகாரமும் கொண்டுவர வேண்டுமாம்.